உள்ளே விட்ட துணி

அந்த வீட்டில் மூன்று பேர் மனிதர்கள். நான்காவது ஆள் அளவு.

அளவுக்கு மீடியம் என்று பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். காய்கறி வண்டிக்காரர்கூட, "என்ன மீடியம், உருளைக்கிழங்கு வேணுமான்னு அம்மாவக் கேளு" என்பார். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பிழைப்பு அப்படி.

வீடு என்றால் வீடு, பட்டறை என்றால் பட்டறை. முன்னறை முழுக்கக் கட்டிங் மேசை, அது மீடியத்தின் அப்பா, தையல் மாஸ்டரின் இடம். அடுத்த அறையில் தையல் மெஷினும் துணியோரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினும் சண்டை போட்ட தம்பதி மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அதற்குப் பின்னால் அடுப்படி. பட்டன் டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே அலமாரியில் ஒரே ஜாடையில் இருந்ததால் அவ்வப்போது தேநீரில் பட்டன் கிடக்கும். "காணாமப் போனது கெடச்சிடுச்சு" என்று மாஸ்டரின் அக்கா அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு தைக்கப் போய்விடுவாள். அந்த வீட்டில் பட்டன் தைப்பதும் சமைப்பதும் அவள் பொறுப்பு. மீடியத்துக்கு அத்தை. உருவத்தில் எந்த அட்டவணையிலும் அடங்காதவள். அதைப் பற்றி வருத்தமே படாதவள்.

ஒரு கம்பெனிக்குக் கவுன் தைத்துக் கொடுப்பது தொழில். கம்பெனி படம் அனுப்பும். மாஸ்டர் வெட்டுவார், அவர் சம்சாரம் தைப்பாள், மகள் போட்டுக்கொண்டு நிற்பாள். அவள்மேல் சரியாக உட்கார்ந்துவிட்டால் அதுதான் மீடியம். அதற்கேற்ப அட்டை வெட்டி, அட்டையை வைத்துத் துணி வெட்டி, கொஞ்சம் கூட்டினால் லார்ஜ், கொஞ்சம் குறைத்தால் ஸ்மால். எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத பெண்களெல்லாம் கடைக் கண்ணாடி முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்து ஜிப் போடுவதும் போடாததும் இந்த வீட்டுப் பெண்ணின் இடுப்பைப் பொறுத்தது.

மற்ற பட்டறைகளில் சாம்பிளை டேப் வைத்துச் சரிபார்ப்பார்கள். மாஸ்டருக்கு அது இழுக்கு. "என் கண்ணு முன்னாடி வளந்த பொண்ணு. அவள அளக்க எனக்கு டேப்பா?" என்பார். டேப் அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும். ஒரு மரியாதைக்கு.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. துணிக்கட்டுகள் ஈர வாடை அடித்தன. சாக்கட்டி நமத்துப்போய்க் கோடு விழ மறுத்தது. அப்படி ஒரு காலையில் புது சாம்பிளை மகளுக்குப் போட்டு நிறுத்தினார் மாஸ்டர். இடுப்பில் துணி ஒரு பிடி மடிந்து நின்றது.

"மறுபடியும் லூசு. என்ன துணி அனுப்பறானுங்க? ஈரம் பட்டா ரப்பர் மாதிரி இழுத்துக்குது."

அத்தை பல்லால் நூலைக் கடித்தபடி, "துணி இழுத்துக்குதா, பொண்ணு சுருங்கறாளாடா?" என்றாள்.

"அக்கா, நீ பட்டனப் பாரு."

"பட்டனத்தான் பாக்கறேன். அது இவளவிட சதைப்பத்தா இருக்கு."

மீடியம் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் கன்னத்தில் தங்க இடமில்லை. வந்த வேகத்தில் இறங்கிப் போனது.

மாஸ்டர் மடிப்பைப் பிடித்துக் குண்டூசி குத்தினார். ஊசி துணியைத் தாண்டிக் கெட்டியான எதிலோ முட்டி நின்றது.

"குத்திடுச்சாம்மா?"

"இல்லப்பா."

ஊசியை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. மழைக்குத் துருப்பிடித்திருக்கிறது என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஊசி எடுத்தார்.

பிறகு மீடியம் அட்டையை மேசையில் போட்டு பிளேடால் இடுப்போரம் சீவினார். நகப்பிறை மாதிரி ஒரு சீவல் விழுந்தது. அத்தை அதைப் பொறுக்கி நூல் சுற்ற எடுத்துக்கொண்டாள். போன சாம்பிளுக்கும் அப்படி ஒரு சீவல் விழுந்திருந்தது, அதற்கு முந்தியதற்கும். அத்தையின் நூல் டப்பா பிறைகளால் நிரம்பிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் சம்சாரம் புது அளவில் தைத்து முடித்தாள். மகள் போட்டுப் பார்த்தாள். கச்சிதம்.

"பாத்தியா? அட்டைலதான் கோளாறு. என் கைல இல்ல," என்றார் மாஸ்டர். "தோள்ல எப்படி விழுது பாரு! ஹேங்கர்ல மாட்டின மாதிரி."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

மகள் கண்ணாடி முன் போய் நின்றாள். பட்டறைக் கண்ணாடி கழுத்துக்குக் கீழேதான் காட்டும். துணி எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா, முகம் எதற்கு என்று அப்படி மாட்டியிருந்தார்கள். அதில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கவுன் இடுப்பைப் பிடிக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கிறது.

இது ஆரம்பித்தது போன கோடையில். கம்பெனியிலிருந்து ஆர்டர்காரர் வந்திருந்தார். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு, உட்காருவதற்கு முன் நாற்காலியைத் துடைக்கிற ஆள். அன்றைக்கு மகளுக்கு ஜிப் பாதியில் நின்றுவிட்டது. வயசுப் பெண்ணுக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆவது பெரிய விஷயமில்லை. மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "நம்ம மீடியம் லார்ஜ் ஆகுது போல" என்றார். ஆர்டர்காரர் சிரித்தார். "பாத்து மாஸ்டர். மாடல் மாறினா ஆர்டரும் மாறும்." அம்மா சிரித்தாள். அத்தைகூடச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். எல்லாரும் சிரித்து முடித்து வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒருத்தி மட்டும் சாப்பிடப் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் பட்டறையிலும் யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. மகள் மெலிந்தாள், கவுன் லூசானது. கவுன் லூசானதால் அப்பா அட்டையைச் சீவினார், கவுன் பிடித்தது. கவுன் பிடித்ததால் மகள் இன்னும் ஒரு கவளம் குறைத்தாள். அப்பா மகளைப் பார்த்து அட்டையைத் திருத்தினார். மகள் அட்டையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டாள். ரெண்டு பேரும் வேலையில் சுத்தம். ஒருத்தரை ஒருத்தர் நம்பி இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"சாப்பிட்டியாம்மா?" என்பார் மாஸ்டர், கத்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாப்டேன்பா."

கேள்வி கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று. கத்திரி ஓடும்.

அத்தை மட்டும் தட்டுகளை எண்ணிக் கழுவுகிறவள். "நேத்து இவ தட்டு கழுவாமலே பளபளன்னு இருந்துச்சுடி" என்று தம்பி சம்சாரத்திடம் சொன்னாள்.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி. இந்த மழைப் புழுக்கத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. கையத் தொட்டா பாம்பத் தொட்ட மாதிரி இருக்கு. சீப்புல பாருங்க, தலைமுடி கொத்துக் கொத்தா வருது."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஆர்டர் முடியட்டும்னாரு."

"எந்த ஆர்டர்?"

"அதுதான் முடியவே மாட்டேங்குதே."

அன்று மத்தியானம் அத்தை சோற்றைப் பிசைந்து, முட்டையை மசித்து, மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் தட்டைப் பார்த்த விதம் அத்தைக்குப் பிடிக்கவில்லை. பசித்தவள் பார்க்கிற பார்வையில்லை அது. நாயைக் கண்டு பயந்தவள், ஓடினால் துரத்தும் என்று ஓடாமல் நிற்பாளே, அந்தப் பார்வை.

"ஒரு வாய்."

"வேணாம் அத்தை. நாளைக்கு ஃபிட்டிங் இருக்கு."

"ஃபிட்டிங்குக்கும் வாய்க்கும் என்னடி சம்பந்தம்?"

"உங்களுக்குத் தெரியாது அத்தை. நான் கொஞ்சம் விட்டா போதும், பன்னி மாதிரி ஆயிடுவேன்."

அத்தை கையை உதறி எழுந்தாள். இடுப்பில் கை வைத்து, தன் முழு அகலத்தையும் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ பன்னியா? அப்ப நான் யாருடி? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. 'அத்தை, நீங்க பன்னி'ன்னு சொல்லு."

மகள் பதறிப்போனாள். "ஐயோ, உங்கள யாரு சொன்னா? நீங்க அழகா இருக்கீங்க."

"எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? என்கிட்ட சொல்ல வாய் வராததை உன்கிட்ட மட்டும் எப்படிடி சொல்லிக்கற? உன் உடம்பு உனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு? நடன்னா நடக்குது, நில்லுன்னா நாளெல்லாம் ஊசிக்குத்து வாங்கிட்டு நிக்குது. அதுக்கு ஒரு வாய் சோறு போட மாட்டேங்கற."

மகள் ஒரு கவளத்தை வாங்கிக்கொண்டாள். அத்தை தண்ணீர் எடுத்து வருவதற்குள் அது ஸ்வெட்டர் கைக்குள் போய்விட்டது. மறுநாள் துவைக்கப் போட்டபோதுதான் அத்தை அதைப் பார்த்தாள். காய்ந்த சோறு, உள்பக்கம் ஒட்டியபடி. அன்று முழுக்க அத்தை ஒரு நையாண்டியும் பேசவில்லை. அந்த வீட்டில் அதைவிடக் கெட்ட சகுனம் வேறில்லை.

அந்த வாரம்தான் ஆர்டர்காரர் வேன் போட்டுக்கொண்டு வந்தார். மழையில் நனைந்த அட்டைப்பெட்டிகள் இறங்கின. கூடவே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு உருவம். தலையும் கையும் இல்லாத டம்மி. மேசையோரம் அதை நிறுத்தினார்.

"என்ன மாஸ்டர் இது? கடைக்குக் கடை திருப்பி அனுப்பறான். மீடியம் கேட்டு வாங்கினவங்க ஒருத்தருக்கும் ஏறலையாம். கல்யாணத்துக்குப் போட வாங்கிட்டுப் போன பொண்ணு ஒண்ணு கடையிலயே உக்காந்து அழுதிருக்கு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

"என் வெட்டுல தப்பு வராது சார்."

"அப்ப ஊர்ல இருக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மாசத்துல தப்பு வந்திடுச்சா?"

கவுனை டம்மிக்கு மாட்டினார்கள். ஜிப் நடு முதுகுக்கு வந்து நின்றது. ஆர்டர்காரர் ஒரு இழுப்பு இழுத்தார். தையல் விட்டுப்போகும் சத்தம் கேட்டது. மாஸ்டரின் சம்சாரம் ஓவர்லாக்கை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

மாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. "டம்மி ஊதியிருக்கு சார். மழைல ஊதியிருக்கும்."

"இது ஃபைபர், மாஸ்டர். ஊதறதுக்கு இது என்ன பன் ரொட்டியா?"

"எனக்கு என் பொண்ணுதான் மீடியம். வாம்மா, போட்டுக் காட்டு."

மகள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து டம்மி பக்கத்தில் நின்றாள். ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது. கச்சிதம். மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். ஒரு வழக்கில் ஜெயித்தவர் மாதிரி இருந்தது முகம். "இப்ப சொல்லுங்க. யாரு மேல தப்பு?"

ஆர்டர்காரர் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வியாபாரம் மெதுவாக வடிந்தது. பையிலிருந்து பழைய கவுன் ஒன்றை எடுத்தார். கோடைக்கு முன்னால் கம்பெனி ஒப்புக்கொண்டு, அரக்கு முத்திரை வைத்துப் பூட்டி வைத்திருந்த முதல் சாம்பிள். மாஸ்டர் வெட்டியது, இதே மகள்மேல் நிறுத்திப் பார்த்தது. டம்மிக்கு அதை மாட்டினார். ஒரு மடிப்பு இல்லாமல் உட்கார்ந்தது.

"இத உங்க பொண்ணுக்குப் போட்டுப் பாருங்க மாஸ்டர்," என்றார் தாழ்ந்த குரலில்.

அவள் போட்டுக்கொண்டு வந்தாள். வரும்போது ஒரு கையால் தோளையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடித்த கையை எடுக்கச் சொன்னார் மாஸ்டர். எடுத்தாள். கவுன் தோளிலிருந்து நழுவி, முழங்கையில் தொற்றி நின்றது. மரக்கிளையில் மாட்டிக்கொண்ட துணி மாதிரி. கழுத்தெலும்புக் குழியில் நிழல் தேங்கியிருந்தது.

மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். தன் மகளை அவர் டேப் வைத்து அளப்பதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. இடுப்பைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். டேப்பைப் புரட்டி, தப்பான பக்கத்தில் படித்துவிட்டோமோ என்று பார்த்தார். மறுபடி சுற்றினார். எண் அதேதான். அது ஒரு சிறு குழந்தைக்கு அவர் தைக்கிற அளவு.

"சாரிப்பா," என்றாள் மகள். "ஆர்டர் கெட்டுப்போச்சா? நான் இன்னும் கொஞ்சம் சரி பண்ணிக்கறேன்."

அவர் டேப்பைச் சுருட்டுவதற்குள் அவள் கட்டிங் மேசையைப் பிடித்தாள், பிடித்த பிடி நழுவியது, துணிக்கட்டின்மேல் சரிந்தாள். சத்தமே வரவில்லை. ஒரு கவுன் விழுந்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான்.

ஆர்டர்காரரின் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாற்காலியைத் துடைத்து உட்காருகிற அந்த மனிதர் சேற்றில் இறங்கி வேன் கதவைத் திறந்து பிடித்தார்.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள். நாடி ரொம்ப மெதுவாக ஓடுகிறது, இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

"நான் இப்பவே நல்ல சாப்பாடா வாங்கிட்டு வரேன் டாக்டர்," என்றார் மாஸ்டர். "வயிறு முட்ட ஊட்டிடறேன். ஒரு வாரத்துல தேத்திடறேன்."

"அதத்தான் செய்யக் கூடாது. காஞ்சு கிடந்த உடம்புல திடீர்னு கொட்டினா ரத்தத்துல இருக்கற உப்புச்சத்தெல்லாம் தடுமாறிடும். இதயமே நின்னு போகலாம். பட்டினிலயும் ஆபத்து, அவசரத்துலயும் ஆபத்து. நாங்க சொல்ற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

ஊட்டாவிட்டாலும் சாவாள், ஊட்டினாலும் சாவாள் என்பதாகத்தான் மாஸ்டரின் காதில் விழுந்தது. தப்பாக வெட்டிய துணியை ஒட்டுப்போடலாம், சாயம் போட்டு மறைக்கலாம். இதற்கு அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுமில்லை.

"வீட்டுக்குப் போனதும் இன்னொண்ணு," என்றாள் டாக்டரம்மா. "அவங்க தட்டப் பத்தி யாரும் பேசாதீங்க. உடம்பப் பத்தியும் பேசாதீங்க."

"திட்ட மாட்டோம் டாக்டர்."

"பாராட்டவும் கூடாது. 'தேறிட்டே, கன்னம் வெச்சிருக்கு', எதுவுமே வேணாம். அவங்களும் உங்களோட உக்காந்து சாப்பிடற ஒரு ஆள். அவ்வளவுதான். அவங்க மனசுக்குள்ள ஒரு குரல் ஓயாம திட்டிட்டிருக்கு. அது அடங்கறதுக்கு நாளாகும். வாராவாரம் கூட்டிட்டு வாங்க, அதுக்குன்னு இங்க ஒருத்தங்க இருக்காங்க, பேசுவாங்க. நீங்க இன்னொரு குரலாச் சேராதீங்க."

அத்தை கேட்டாள்: "அப்ப என்னதாம்மா பேசறது? எங்க வீட்டுல அளவ விட்டா வேற பேச்சே கிடையாதே."

"மழையப் பத்திப் பேசுங்க," என்றாள் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவளைவிட வீட்டில் நின்றிருந்தவர்தான் அத்தைக்கு அதிகக் கவலையாக ஆனார். மாஸ்டர் சாப்பிடவில்லை. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு தட்டுக் கழுவுகிறவள் கவனித்தாள். அவர் முன்னறையில் அத்தையின் நூல் டப்பாவைக் கவிழ்த்து, அதிலிருந்த பிறைகளை எல்லாம் நூல் பிரித்து எடுத்து, மீடியம் அட்டையின் இடுப்போரம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சேர்ந்து ஒரு கை அகலம் இருந்தது. டம்மி மூலையில் நின்று, தலையில்லாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா பண்ற?"

"இவ்வளவு சீவியிருக்கேன்க்கா. என் கையால. துணிய இல்ல."

"சரி. சாப்பிட வா."

"எனக்கு எறங்காது. அவளப் பட்டினி போட்டவன் நான். எனக்கு என்ன சோறு?"

அத்தை தட்டை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் கத்திரி துள்ளியது.

"டேய். இந்த வீட்டுல பட்டினி கிடக்க ஒரு ஆள் போதும். நீயும் ஆரம்பிச்சா எனக்கு அழறதுக்கு நேரமில்ல. அவளும் இதத்தான செஞ்சா? ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு தனக்குத்தானே தண்டனை போட்டுக்கிட்டா. யாருகிட்டக் கத்துக்கிட்டான்னு இப்பத்தான் தெரியுது."

"நான் பண்ணது தப்புதானேக்கா."

"தப்புதான். யாரு இல்லன்னா? அன்னைக்கு அவன் சிரிக்கறப்ப நானுந்தான் பல்லக் காட்டினேன். அதுக்காக நான் இளைச்சா ஊருக்கு நிழல் குறைஞ்சிடும். அவ நாளைக்கு வீட்டுக்கு வரா. நீ சாப்பிடறதப் பாத்துத்தான் அவ சாப்பிடுவா. இல்ல, நீ சாப்பிடாததப் பாத்து..."

அத்தை தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மாஸ்டர் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். அத்தை எதிரில் நின்று, சன்னலைப் பார்த்து, "என்ன மழை, என்ன மழை" என்றாள். பழகிக்கொள்கிறாளாம்.

மகள் வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது டம்மியைத்தான். சுற்றி வந்து அதன் இடுப்பைத் தொட்டாள்.

"இனிமே ஃபிட்டிங் இதுலதானாப்பா?"

"ஆமாம்மா."

"இதுவும் சாப்பிடறதில்ல. ஆனா இது மட்டும் அப்படியே இருக்கு," என்றாள். அம்மா ஒரு போர்வையை எடுத்து வந்து டம்மியின்மேல் போட்டாள். போட்ட பிறகு அது இன்னும் மோசமாக, அந்த அறையில் எழுந்து நிற்கிற யாரோ மாதிரி இருந்தது.

அந்த நாட்களில் சாப்பாட்டு நேரம் என்றாலே வீடு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். காலையில் கொஞ்சம் பால், அரை வாழைப்பழம். பிறகு குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய ஒரு துண்டு ரொட்டி. எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள், ஒன்றாக எழுவார்கள். சில நாள் அவள் சாப்பிட்டாள். சில நாள் தட்டைப் பார்த்தபடி கண்ணீர் விட்டாள். அப்போதும் மற்ற மூன்று பேரும், தலைமேல் கத்தி தொங்குகிற ஆட்கள் விருந்தில் உட்கார்ந்த மாதிரி, மழையைப் பற்றிப் பேசினார்கள். மூன்று பேருக்கும் மழையைப் பற்றித் தெரிந்தது முதல் நாளே தீர்ந்துவிட்டது.

"நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் கம்மிதான் அண்ணி."

"எது?" என்று மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மழை! மழையச் சொன்னேன்டி," என்றாள் அம்மா. கரண்டியால் சன்னலைக் காட்டினாள்.

மாஸ்டர் ஒரு கவுன் தைத்தார். யாரும் கேட்காத கவுன், கம்பெனி படம் அனுப்பாத கவுன். மகளுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் துணி எடுத்து, அட்டை வைக்காமல், டம்மியைப் பார்க்காமல் வெட்டினார். தானே தைத்தார். கம்பெனி வேலையில் துணி மிச்சம் பிடிப்பதற்காகத் தையலுக்கு உள்ளே ஒரு நூலிழை அதிகம் விட மாட்டார். அதில் அவர் பேர்போன கஞ்சன். இதில் தையலுக்கு உள்ளே, இரண்டு பக்கமும், கை நிறையத் துணி விட்டுத் தைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் மகள் அதைப் போட்டுக்கொண்டு வந்து முன்னறையில் நின்றாள். லூசாக இருந்தது. அவள் பழக்கத்தில் இடுப்பு மடிப்பை இரண்டு விரலால் பிடித்து, அப்பா பக்கம் திரும்பி நின்றாள். ஊசி குத்துவதற்கு வாகாக.

மாஸ்டரின் கையும் பழக்கத்தில் மணிக்கட்டுக்குப் போனது. ஊசி மெத்தை அங்கேதான் கட்டியிருந்தது. ஒரு ஊசி அவர் விரலுக்குள் வந்தேவிட்டது. அடுப்படி வாசலில் அத்தை அசையாமல் நின்றாள். ஊசி கவுனை நோக்கிப் பாதி தூரம் போனது.

அங்கேயே நின்றது.

"கையை எடும்மா," என்றார். "அப்படியே இருக்கட்டும்."

"லூசா இருக்கேப்பா."

"துணி காத்துக்கிட்டிருக்கும். அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"நான்... ரொம்பப் பெருத்துப் போயிட்டேன்னா?"

அவர் கவுனின் ஓரத்தைப் புரட்டி உள்ளே மடிந்திருந்த துணியைக் காட்டினார். "பாரு. பிரிச்சு விட்டுக்கலாம். எவ்வளவு வேணாலும்."

அவள் குனிந்து அந்த மடிப்பை விரலால் தடவினாள். "எவ்வளவுப்பா விட்டிருக்கீங்க?"

"அளக்கல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பொய் சொல்கிறாரா என்று. மாஸ்டர் ஊசி மெத்தையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டேப்பையும் கழற்றி அதன்மேல் வைத்தார். அது இல்லாத கழுத்து, சட்டை போடாத மாதிரி கூச்சமாக இருந்தது.

"சாப்பிட வாங்க," என்றாள் அம்மா.

உட்கார்ந்தார்கள். சோறும் மசித்த உருளைக்கிழங்கும். மாஸ்டர் தன் தட்டில் முதல் கவளத்தை எடுத்தார், மென்றார், விழுங்கினார். மகள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கை மடியில், கவுனின் உள்ளே விட்ட துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் தட்டை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

"இந்த வருஷம் மாதிரி மழைய நான் பாத்ததே இல்ல," என்று ஆரம்பித்தாள் அத்தை. "காலைல ஆரம்பிச்சா..."

கரண்டி தட்டில் ஒருமுறை மோதியது.

மாஸ்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அம்மா தண்ணீர்க் குவளையை வாய்க்கும் தரைக்கும் நடுவில் பிடித்தபடி இருந்தாள். அத்தையின் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது: ஓட்டில் ஒழுகுவது, சாக்கடை அடைத்தது, துணி காயாதது. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்கிற பயத்தில் ஒரு பேச்சின் வாலைப் பிடித்து அடுத்த பேச்சுக்குத் தாவிக்கொண்டிருந்தாள்.

மறுபடி கரண்டிச் சத்தம்.

"...அதுவும் அந்த இடி இருக்கே, அப்பப்பா, காது ரெண்டும்..."

வெளியே எப்போதோ மழை வெறித்துவிட்டது. சன்னலில் பளிச்சென்று வெயில் விழுந்திருந்தது. அத்தை இன்னும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.